உரோமர் குடியரசு மறைந்த வகை: பெயரும் பொருளும்

தோற்றுவாய்

சொல் நிலைத்து நிற்க, அதன் பொருள் வேறுபடுதல் மொழிநூலார் நன்கறிந்த செய்தி. எண்ணெய் என்பது ஒருகாலத்தில் எள்ளின் நெய்யை மட்டுமே குறித்தது. இன்று எள்ளோடு தொடர்பில்லாத பலவற்றையும் அச்சொல் தழுவி நிற்கின்றது. இத்தகைய மாற்றத்தால் யார்க்கும் தீங்கில்லை. ஆனால், ஒரு நாட்டின் ஆட்சியமைப்பைக் குறிக்கும் சொற்கள் முன்போலவே நிற்க, அவற்றின் பொருள் மட்டும் பெயர்ந்துவிடுமாயின், அந்நாட்டு மக்கள் தாம் இழந்தது இன்னதென்பதைத் தாமே எளிதில் அறியமாட்டார். கி.மு. முதல் நூற்றாண்டில் உரோமர் வரலாற்றில் நிகழ்ந்தது இத்தகைய பெயர்ச்சியே. கான்சல், டிரிபியூன், செனெட்டு என்னும் பெயர்கள் யாவும் நின்றன. அவற்றைத் தாங்கிய குடியரசு மட்டும் மறைந்தது. அது மறைந்த வகை யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மாற்றத்தைக் ‘குடியரசு பேரரசாயிற்று’ எனத் தமிழில் கூறும் வழக்கு உண்டு. இத்தொடர் ஒரு மயக்கத்திற்கு இடந்தருவது. பேரரசு என்னும் சொல் பரந்த நிலப்பரப்பையும் குறிக்கும். ஒருவன் ஆணையின்கீழ் நடைபெறும் ஆட்சிமுறையையும் குறிக்கும். நிலப்பரப்பை நோக்கின், உரோமர் குடியரசினராய் இருந்த காலத்திலேயே பேரரசினரும் ஆயினர். கி.மு. 241-இல் சிசிலித் தீவு அவர் கைப்பட்டது, கி.மு. 146-இல் கார்த்தேஜும் கொரிந்தும் அவரால் அழிவுற்றன. ‘இம்பீரியம்’ என்னும் இலத்தீன் சொல்லும் முதற்கண் நிலத்தைக் குறித்ததன்று. ஆணையிடும் அதிகாரத்தையே குறித்தது. ஆகவே, மாறியது நாட்டின் பரப்பு அன்று. ஆணை தங்கியிருந்த இடமே என்க.

குடியரசின் இரு காப்புகள்

மரபு வரலாற்றின்படி, உரோமர் தம் இறுதி மன்னனாகிய டார்க்குவினைத் துரத்திய ஆண்டு கி.மு. 509 ஆகும். அன்றுதொட்டு மன்னனைக் குறிக்கும் ‘ரெக்ஸ்’ என்னும் சொல் அவர்தம் அரசியலில் வெறுப்பிற்குரிய சொல்லாயிற்று. மன்னனுக்குரிய ஆணையை அவர் ஒழித்தாரல்லர். அதனை இரு கான்சல்களிடம் ஒப்படைத்து, அவ்வாணை ஒருவன் உடைமையாகிவிடாதவாறு இரு காப்புகளை வகுத்தனர். ஒன்று காலவரையறை: பதவி ஓராண்டே நிற்கும். மற்றொன்று இணைப்பதவி: ஒரு பதவியில் ஒருவர்க்கு மேற்பட்டோர் இருப்பர், ஒருவர் செயலை மற்றவர் தடுக்கலாம். குடிமக்களின் காப்பாளராகிய டிரிபியூன்கள் பதின்மரும் இவ்வாறே ஓராண்டினர். அவருள் ஒருவர் ‘தடுக்கின்றேன்’ எனின் அரசியற் பணி நின்றுவிடும். பேரிடர்க் காலத்தில் அமர்த்தப்படும் சர்வாதிகாரிக்கு இணை இல்லை. ஆயின், காலவரையறையை உரோமர் அவனுக்கும் விலக்கினாரல்லர். ஆறு திங்களே அவன் பதவியின் எல்லை. கி.மு. 180-இல் இயற்றப்பெற்ற வில்லியஸ் சட்டம், பதவிகளை எய்துதற்குரிய வயதினையும் வரையறுத்தது.

இவ்வமைப்பை மக்களாட்சி எனல் பொருந்தாது. கான்சல்களைத் தேர்ந்த பேரவை 193 பிரிவுகளாய் வகுக்கப்பட்டிருந்தது. செல்வர் பிரிவுகள் முதலில் வாக்களித்து ஒன்றுபட்டால், ஏழையர் பிரிவுகளை அழைக்க வேண்டிய தேவையே எழாது. மகளிர்க்கு வாக்கில்லை, அடிமைகளுக்கு எவ்வுரிமையும் இல்லை. வென்ற நாடுகளின் மக்களோ ஆளுநரின் சூறைக்கு உட்பட்டனர். சிசிலியைச் சூறையாடிய வெர்ரஸ் என்பான்மேல் கி.மு. 70-இல் சிசரோ தொடுத்த வழக்கு இதற்குச் சான்றாகும். எனினும், எத்துணைப் பெரியோனையும் அடுத்த ஆண்டு பிறந்தவுடன் பதவியினின்று இறக்கும் ஆற்றல் அவ்வமைப்புக்கு இருந்தது. இழந்தது இவ்வாற்றலே ஆதலின், அதனைச் சிறிதென்று கொள்ளுதல் கூடாது.

காப்புகள் தகர்ந்தமை

கி.மு. 133-இல் டிரிபியூனாயிருந்த டைபீரியஸ் கிராக்கஸ், பொதுநிலத்தை ஒருவர் 500 யூகெரத்திற்கு மேல் வைத்திருத்தலாகாது எனவும், எஞ்சியதை ஏழையர்க்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் எனவும் சட்டம் கொணர்ந்தான். அவனுடைய இணையாகிய மார்க்கஸ் ஆக்டேவியஸ் அதனைத் தடுத்தான். கிராக்கஸ் மக்கள் வாக்கினால் இணையின் பதவியைப் பறித்துச் சட்டத்தை நிறைவேற்றினான். அடுத்த ஆண்டும் டிரிபியூனாக முயன்றான். நோக்கம் நன்றே, ஆயினும் இரு காப்புகளும் ஒரே ஆண்டில் தாக்குண்டன. எதிர்த்த செனெட்டினரோ சட்டத்தை நாடாது தடியை நாடினர். கிராக்கஸும் அவனைச் சார்ந்தோர் பலரும் அடித்துக் கொல்லப்பட்டனர். அவன் தம்பி கேயஸ் கி.மு. 121-இல் அவ்வாறே மாண்டான். உரோமர் அரசியலில் குருதி சிந்தும் வழக்கம் இவ்வாறு புகுந்தது.

இதன்பின் காப்புகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. மேரியஸ் ஏழுமுறை கான்சலானான். அவற்றுள் ஐந்து கி.மு. 104 முதல் 100 வரை இடையறாது தொடர்ந்தவை. சல்லா கி.மு. 88-இல் உரோமர் படையை உரோம் நகரின்மீதே செலுத்தினான், கி.மு. 82-இல் காலவரையறை இல்லாத சர்வாதிகாரியானான். தன் பகைவர் பெயர்களைப் பொதுவிடத்தில் எழுதி வைத்து, அவரைக் கொல்வார்க்குப் பரிசு வழங்கினான். பின்னர் அவன் தானே பதவி துறந்தான். ஆயினும் வழி திறந்துவிட்டது. கி.மு. 67-இல் பாம்ப்பிக்குக் கடற்கொள்ளையரை அடக்குதற்பொருட்டு மூன்றாண்டுத் தலைமையும், மறு ஆண்டு கீழைநாட்டுப் போர்த் தலைமையும் சட்டத்தால் வழங்கப்பட்டன. கி.மு. 52-இல் அவனே இணையில்லாக் கான்சலாக்கப்பட்டான். கான்சல் என்னும் பதவி இருவர்க்கென்றே படைக்கப்பட்டது. ‘இணையில்லாக் கான்சல்’ என்பது தன்னுள்ளேயே முரண்பட்ட தொடர். பெயரும் பொருளும் பிரியத் தொடங்கியமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

படையும் நிலமும்

காப்புகளைத் தகர்த்தற்குரிய ஆற்றல் தனி மனிதர்க்கு யாங்ஙனம் வாய்த்தது என்னும் வினா ஈண்டு எழும். அதற்கு விடை படையினிடத்து உள்ளது. பண்டை உரோமப் படைஞன் சிறிது சொத்துடைய உழவன். போர் முடிந்ததும் தன் நிலத்திற்கு மீள்பவன். கடல் கடந்த நெடும்போர்கள் இந்நிலையை மாற்றின. படையிற் சேர்தற்குரிய சொத்தளவு படிப்படியாய்க் குறைக்கப்பட்டது; கி.மு. 107-இல் மேரியஸ் சொத்தே இல்லாதாரையும் சேர்த்துக்கொண்டான். இவர் போர் முடிந்தபின் மீளுதற்கு நிலமில்லாதவர். அந்நிலத்தைக் குடியரசு தந்திருப்பின், அவர் குடியரசின் படைஞராய் இருந்திருப்பர். செனெட்டு அதனைத் தர மறுத்தது. ஆகவே தம் தலைவனையே அவர் நோக்கினர்.

பாம்ப்பியின் வரலாறு இதனை விளக்கும். கீழைநாடுகளை வென்று கி.மு. 62-இல் மீண்ட அவன், மரபுப்படி தன் படையைக் கலைத்துவிட்டான். தன் வீரர்க்கு நிலம் வேண்டினான்; செனெட்டு காலந்தாழ்த்தியது. சட்டத்திற்கு அடங்கியவனுக்குக் கிடைத்த பயன் இதுவாயிற்று. அதன் விளைவாகப் பாம்ப்பி, கிராஸஸ், சீசர் ஆகிய மூவரும் தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டனர், கி.மு. 59-இல் கான்சலான சீசர் அந்நிலத்தை வன்முறையின் துணைகொண்டு வழங்கினான். குடியரசின் காவலர் எனத் தம்மைக் கூறிக்கொண்டோர் சிறு நிலத்தைக் காக்க முனைந்து பெருநிலையை இழந்தனர் எனலாம்.

பெயரை மறைக்காதவன்

கி.மு. 49-இல் ரூபிக்கான் ஆற்றைக் கடந்து இத்தாலிக்குள் படையுடன் புகுந்த சீசர், மறு ஆண்டு பார்சாலஸ் போரில் பாம்ப்பியை வென்றான். கி.மு. 46-இல் பத்தாண்டுச் சர்வாதிகாரியாகவும், கி.மு. 44-இல் வாழ்நாட் சர்வாதிகாரியாகவும் ஆக்கப்பட்டான். இப்பதவிப்பெயர் அவன் உருவத்தோடு அவன் வாழ்நாளிலேயே காசுகளில் பொறிக்கப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் விழாவொன்றில் ஆண்டனி அவனுக்கு முடிசூட்ட முற்பட, மக்களின் குறிப்பறிந்து அவன் அதனை மறுத்தான். எனினும் ஐயம் ஒழியவில்லை. மார்ச்சு 15-ஆம் நாள் செனெட்டினர் பலர் சூழ்ந்து அவனைக் குத்திக் கொன்றனர்.

சீசரின் பிழை அதிகாரத்தைக் கைக்கொண்டமை மட்டுமன்று. அதனை மறைக்காமையும் ஆகும். ‘சர்வாதிகாரி’ என்பது காலவரையறையை உட்கொண்ட சொல். ‘வாழ்நாள்’ என்னும் அடை அச்சொல்லின் உயிரையே போக்கிற்று. அதனைக் கண்டார் அனைவர்க்கும் குடியரசு இறந்தமை புலனாயிற்று. கொன்றோரும் ஒன்றை உணர்ந்திலர். ஒருவனைக் கொன்றால் குடியரசு தானே எழுந்து நிற்கும் என அவர் எண்ணினர். புரூட்டஸ் பின்னர் வெளியிட்ட காசில் இரு குத்துவாள்களும், விடுதலை பெற்றோர் அணியும் தொப்பியும் ஒருபுறம் காணப்படுகின்றன. மறுபுறம் புரூட்டஸின் உருவமே உள்ளது. வாழ்வோன் ஒருவன் உருவத்தைக் காசிற் பொறித்தல் சீசர் தொடங்கிய வழக்கம். அவனைக் கொன்றவனே அதனைப் பின்பற்றினான் எனின், நோய் ஒருவனிடத்து மட்டும் இருந்ததன்று என்பது தெளிவு.

பெயரைக் காத்தவன்

சீசரின் மகன்மையாக அவன் இறுதி முறியால் ஏற்கப்பெற்ற ஆக்டேவியன் அப்போது பதினெட்டு வயதினன். கி.மு. 43-இல் அவனும் ஆண்டனியும் லெபிடஸும் ‘குடியரசை நிலைநிறுத்தும் மூவர்’ என்னும் பெயரால் சட்டப்படி அமர்த்தப்பட்டனர். குடியரசை நிலைநிறுத்த வந்த அவர், கொல்லப்பட வேண்டியோர் பட்டியலை எழுதினர். அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் நாள் சிசரோ வெட்டுண்டான். கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் ஆண்டனி தோற்றான். மறு ஆண்டு எகிப்து வீழ்ந்தது. நூறாண்டுக் கலகம் ஓய்ந்தது, எதிர்ப்போரும் இலராயினர்.

கி.மு. 28-இல் வெளிவந்த பொற்காசு ஒன்று, உரோம மக்களின் சட்டங்களையும் உரிமைகளையும் அவன் மீட்டளித்ததாகக் கூறுகின்றது. கி.மு. 27 ஜனவரியில் அவன் செனெட்டின் முன் தன் அதிகாரங்களை ஒப்படைத்தான். செனெட்டு அவனுக்கு அகஸ்டஸ் என்னும் பெயரைச் சூட்டி, படைகள் மிகுதியும் தங்கியிருந்த நாடுகளைப் பத்தாண்டுக்கு அவன் பொறுப்பில் விட்டது. கி.மு. 23-இல் அவன் ஆண்டுதோறும் வகித்துவந்த கான்சல் பதவியையும் துறந்தான். அதற்கு ஈடாக இரண்டு பெற்றான்: ஒன்று, டிரிபியூன் ஆகாமலே டிரிபியூனுக்குரிய அதிகாரம், மற்றொன்று, நாடுகளின் ஆளுநர் அனைவர்க்கும் மேற்பட்ட ஆணை.

அவன் செய்த புதுமை யாதெனின், பதவியினின்றும் அதிகாரத்தைப் பிரித்தெடுத்தமையே. டிரிபியூன்கள் பதின்மரும் முன்போல் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர் அதிகாரம் அவன்பால் நிலைத்திருந்தது. கான்சல்கள் இருவரும் முன்போல் வந்து சென்றனர். ஆணை அவனிடம் தங்கிற்று. பெயர் வேண்டியோர்க்குப் பெயர் கிடைத்தது, பொருள் அவனுடையதாயிற்று.

இன்னும் நுணுகி நோக்கின், பண்டைய இரு காப்புகளையும் அவன் ஒழிக்கவில்லை என்பது புலனாகும். கி.மு. 27-இல் பெற்ற பத்தாண்டுப் பொறுப்பு, முறையே ஐந்து, ஐந்து, பத்து, பத்து, பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. காலவரையறை இருந்தது, காலம் முடியவில்லை. இணைப்பதவியும் இருந்தது: கி.மு. 18-இல் டிரிபியூன் அதிகாரத்தில் அக்ரிப்பாவையும், கி.மு. 6-இலும் பின்னர்க் கி.பி. 4-இலும் டைபீரியஸையும் இணையாக்கிக்கொண்டான். ஆயின், அவ்விணை அவனைத் தடுத்தற்கு அமர்ந்தவன் அல்லன். அவனுக்குப்பின் ஆளுதற்குக் குறிக்கப்பட்டவன். ஒருவன் ஆட்சியைத் தடுத்தற்பொருட்டு முன்னோர் எழுப்பிய இரு காப்புகளும், அவ்வாட்சியை நீட்டித்தற்கும் வழிவழிப்படுத்தற்கும் கருவிகளாயின. இதுவே குடியரசு மறைந்த வகை. இடிக்கப்பட்ட மதிலைக் கண்டோர் அஞ்சுவர். உட்புறம் சிறையாய் மாறிய மதிலை வெளியினின்று நோக்குவோர் அரணென்றே கருதுவர்.

மக்கள் உடன்பட்டமை

இதனை வஞ்சனை என்று மட்டும் கூறி அமைதல் வரலாறாகாது. கி.மு. 22-இல் உணவுப்பஞ்சம் நேர்ந்தபோது, அகஸ்டஸைச் சர்வாதிகாரியாக்குமாறு மக்களே செனெட்டை வற்புறுத்தினர். அவன் அப்பெயரை மறுத்து, தானிய வழங்கலின் பொறுப்பை மட்டும் ஏற்றான். படைஞர்க்கு நிலமளித்தல் என்னும் பழஞ்சிக்கலையும் அவனே தீர்த்தான். கி.பி. 6-இல் படைக் கருவூலம் ஒன்றை நிறுவி, தன் பொருளிலிருந்து 17 கோடி செஸ்டர்ஸ் அளித்தான். மரபுரிமைச் சொத்தின்மீது நூற்றுக்கு ஐந்து வரியும், ஏலவிற்பனையின்மீது நூற்றுக்கு ஒன்று வரியும் அக்கருவூலத்திற்கு உரியனவாயின. செனெட்டு நூறாண்டு மறுத்ததை அவன் செய்தான். அதனால் படையின் பற்று அவன் குடிக்கு உரியதாயிற்று.

அறிஞர் மாம்சன், இவ்வாட்சியைச் செனெட்டும் தலைவனும் பகிர்ந்துகொண்ட இரட்டையாட்சி எனக் கொண்டார். சட்ட வடிவை மட்டும் நோக்கின் அக்கொள்கை பொருந்துவதே. சைம் என்னும் அறிஞர் 1939-இல் வெளியிட்ட ‘உரோமப் புரட்சி’ என்னும் நூலில், சட்ட வடிவைப் போர்வை எனக் கொண்டு, வென்ற கட்சியொன்று பழங்குடியினரின் இடத்தைக் கைப்பற்றிய வரலாறாக இதனை விளக்கினார். இவ்விரு கொள்கைகளும் தம்முள் மாறுபடுவன எனினும், இரண்டினையும் இணைத்து நோக்குதல் தகும். போர்வையும் ஒரு செயலைச் செய்தது. அகஸ்டஸ் தன் வரலாற்றுக் கல்வெட்டில், மதிப்பினால் தான் அனைவரினும் மேம்பட்டிருந்தும், அதிகாரத்தால் இணைப்பதவியினரினும் மிக்கவன் அல்லன் எனக் கூறுகின்றான். ஒவ்வொரு பதவியையும் தனித்தனியே எடுத்து நோக்கின் இக்கூற்றுப் பொய்யன்று. அனைத்தும் ஒருவனிடத்துச் சேர்ந்தமையைக் கூறாது விட்டமையிலேயே அதன் திறம் உள்ளது.

பொருள் மீளாமை

பெயர் நிற்குமாயின் பொருளை என்றேனும் மீட்கலாம் என்பார் உளர். உரோமர் வரலாறு அதற்கு மாறாகச் சான்று பகர்கின்றது. கி.பி. 14-இல் அகஸ்டஸ் இறந்ததும், அதிகாரிகளைத் தேரும் உரிமை மக்கள் பேரவையினின்று செனெட்டிற்கு மாற்றப்பட்டது. மக்களிடையே பெரிய எதிர்ப்பு எழவில்லை. கி.பி. 41-இல் காலிகுலா கொலையுண்டபோது, செனெட்டினர் கூடிக் குடியரசை மீட்பது பற்றிப் பேசினர். அவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே காவற்படையினர் கிளாடியஸைத் தலைவனாக்கினர். செனெட்டு அதனை ஏற்றது. அவையும் இருந்தது, பெயரும் இருந்தது. அவற்றை இயக்கிய பழக்கம் இருதலைமுறைக்கு முன்பே அற்றுவிட்டது.

வெஸ்பாசியன் ஆட்சித் தொடக்கத்தில் இயற்றப்பெற்ற சட்டமொன்றின் வெண்கலப் பட்டயம் இன்றும் உரோமில் உள்ளது. அகஸ்டஸும் டைபீரியஸும் கிளாடியஸும் பெற்றிருந்த உரிமைகளை இவனும் பெறுவானென்றும், அவரைக் கட்டுப்படுத்தாத சட்டங்கள் இவனையும் கட்டுப்படுத்தா என்றும் அது விதிக்கின்றது. ஒருவன் அரிதின் முயன்று மறைத்து வைத்தது, நூறாண்டு கழியுமுன் வெளிப்படையான சட்டமாயிற்று.

நம் நாட்டுக் காசுகள் தரும் சான்று

இவ்வாராய்ச்சிக்குத் தமிழகத்து மண்ணும் ஒரு சான்று தருகின்றது. வெள்ளலூர், பொள்ளாச்சி முதலிய கொங்குநாட்டுப் பகுதிகளில் கிடைத்த உரோம வெள்ளிக் காசுகளுள் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோர் காலத்தனவே மிகுதி. குடியரசுக் காலத்தன மிகச் சிலவே. அகஸ்டஸ் காசுகளுள் இந்தியாவில் பெருவழக்காய்க் கிடைக்கும் வகை ஒன்று உண்டு. அதன் ஒருபுறம் அவன் தெய்வத்தின் மகனென்றும் நாட்டின் தந்தையென்றும் குறிக்கப்படுகின்றான். மறுபுறம் அவன் மகன்மைகொண்ட பெயரராகிய கேயஸ், லூசியஸ் இருவரும் கேடயமும் ஈட்டியும் கொண்டு நிற்கின்றனர். அகஸ்டஸின் மக்கள், கான்சலாகக் குறிக்கப்பட்டோர், இளையோர் தலைவர் என்பன அவர்க்குரிய அடைகள்.

இக்காசில் மன்னன் என்னும் சொல் யாண்டும் இல்லை. கான்சல் என்னும் குடியரசுச் சொல் இருக்கின்றது. ஆனால், அவருள் மூத்தவனாகிய கேயஸ் கான்சலாகக் குறிக்கப்பட்டது கி.மு. 5-இல், அப்போது அவனுக்கு வயது பதினான்கு. பண்டைய முறைப்படி நாற்பது வயது கடந்தோர் மக்கள் வாக்கினால் ஓராண்டிற்குப் பெற்ற பதவி, ஆள்வோன் மகன் என்பதொன்றாலே சிறுவனுக்கு முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது. யவனர் கலங்களில் மிளகுக்கு விலையாக வந்த அவ்வெள்ளியை எடைபோட்டு வாங்கிய வணிகர்க்கு அவ்வெழுத்துகள் விளங்கியிருத்தல் அரிது. அவற்றைப் படிக்கவல்ல உரோமரோ நாள்தோறும் கையாண்டும் அவற்றின் பொருள் மாற்றத்தைப் பொருட்படுத்தினாரல்லர்.

முடிவாக, குடியரசின் பெயர்களைக் காத்தல் குடியரசைக் காத்தலாகாது. ஒரு பதவியின் பெயர் நிற்கின்றதா என்பதனினும், அதன் காலம் முடிகின்றதா, அதனைத் தடுப்பார் உளரா என்னும் வினாக்களே ஆராய்வார்க்கு உரியன. உரோமர் வரலாற்றைப் பயில்வோர் பட்டியலில் உள்ள பதவிகளை எண்ணுவதோடு அமையாது, அப்பதவிகளின் பொருளை ஆண்டுதோறும் அளந்து நோக்குவாராயின், குடியரசு இறந்த நாளை ஒரு போரிலோ ஒரு கொலையிலோ தேடமாட்டார். புதுப்பிக்கப்பட்ட ஒவ்வொரு காலவரையறையிலும் அதன் ஒரு பகுதி இறந்தமையைக் காண்பர்.